நாயைப் பிடித்துக்கொள்ளுங்கள்

வாசலுக்கு வெளியே நின்று
அப்படித்தான் கூவ வேண்டும் எங்கள் மங்கோலியச் சமவெளியில்,
நாயே இல்லாத வீடானாலும்.
வணக்கத்துக்கு அதுதான் வார்த்தை.

ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை
அங்கிக்குள் அடைகாத்துக் கொண்டுவருவேன்,
குளிரில் பாட்டரி செத்துவிடும்.
முப்பத்தோரு கூடாரம்,
ஒரு பழைய ரஷ்ய மோட்டார் சைக்கிள்,
மாதம் ஒரு சுற்று.
சுகாதாரக் கல்வித் தொண்டர் செவெல்மா
என்கிறது கழுத்து அட்டை.
உப்புக்காரி என்கிறது ஊர்.

சனிக்கிழமை பண்பாட்டு மன்றத்தில் வகுப்பு.
விடுதிப் பிள்ளைகளுக்கு முதல் மணி:
நாளுக்கு ஒரு தேக்கரண்டி உப்பு,
குவித்து அல்ல, தட்டிவிட்டு.
பதினாறு வயதுக்காரர்களுக்குச் சிகரெட்டைப் பற்றி;
வெளியே ஒன்று இழுத்துவிட்டுத்தான் வருவார்கள்.
நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இடுப்பளவு.
எழுபதைத் தாண்டியவர்கள்
நாற்காலியைப் பிடித்து ஒற்றைக்காலில் நிற்க வேண்டும்.
முன்னாள் மல்லர் கொம்போசுரேன்
நாற்காலியைத் தள்ளிவிட்டுக்
கழுகு நடனமே ஆடிக் காட்டினார்.
கைதட்டினோம்.
அழுத்தம் நூற்றெண்பது.

வீடு வீடாகப் போனால்
பேச்சுக்கு முன்னால் தேநீர்.
சாண நெருப்பில் பால் கொதிக்கும்,
கரண்டியைத் தலை உயரம் தூக்கித் தூக்கி ஊற்றுவார்கள்,
பிறகு கை நிறைய உப்பு.
வலக்கை கிண்ணத்தை நீட்டும்,
இடக்கை அதன் முழங்கையைத் தாங்கும்.
வேண்டாம் என்று சொல்ல
எங்களுக்கு வார்த்தை உண்டு, வாய் இல்லை.
குடித்து முடித்து
ஈர உதட்டோடு சொல்வேன்:
உப்பைக் குறையுங்கள்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை
எட்டாம் வகுப்பு நின்ஜின்
பட்டை சுற்றிப் பழக என் கையைக் கேட்டாள்.
பொத்தானை அழுத்தினாள்.
எண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"கருவி கெட்டுப்போச்சு."
மறுபடியும் அழுத்தினாள்.
நூற்றெழுபத்திரண்டு.

மன்றத்தில் ஒரு இருமல்கூட இல்லை.
கொம்போசுரேன்தான் முதலில் கேட்டார்:
"போன சுற்றில் எங்கள் வீட்டில் எத்தனை கிண்ணம்?"
இரண்டு.
"எங்கள் வீட்டில்?"
மூன்று, நீங்கள் விடவில்லை.
விரல்விட்டுக் கூட்டினார்கள்.
எண்பத்து நாலு.
உப்பு வேண்டாம் என்று சொல்ல வந்தவளுக்கு
நாம்தானே ஊட்டியிருக்கிறோம் என்று
யாரோ பின்வரிசையில் கண்ணைத் துடைத்தார்கள்.
சிரித்தா என்று தெரியவில்லை.

அன்றே தீர்மானம்:
செவெல்மா வரும் நாளில் எந்த வீட்டுத் தேநீரிலும் உப்பில்லை.

எந்த நாள் வருவேன்?
பனிக்குத் தெரியும், பெட்ரோலுக்குத் தெரியும்,
எனக்கே தெரியாது.
ஆனால் என் வண்டிச் சத்தம்
இரண்டு குன்றுக்கு அப்பாலேயே கேட்கும்.
கேட்டதும் சட்டியைக் கவிழ்ப்பார்கள்,
புதுப் பால் அடுப்பேறும்.
கொட்டியதை நக்கும் நாய்களுக்கு
இனி நான் அழுத்தம் பார்க்க வேண்டும்.

இலையுதிர் காலத்தில் கணக்கெடுத்தோம்.
என் எண் இறங்கியிருந்தது.
ஊரின் எண் அசையவில்லை.

ஒரு வீட்டைத் தவிர.
வறண்ட ஓடைக்கு வடக்கே துலம்சுரேன்,
என் வயதுதான்,
அம்மைக் காய்ச்சலில் ஐந்து வயதில் காது போனவள்.
வண்டிச் சத்தம் அவளுக்கு எட்டாது.
எப்போது வந்து நிற்பேனோ என்று
எல்லா நாளும் உப்பில்லாமலே காய்ச்சியிருக்கிறாள்.
புருஷன் இரண்டு வாரம் முணுமுணுத்தாராம்.
அதுவும் கேட்கவில்லை.
இப்போது அந்த மனுஷன்,
கடலையே பார்த்திராதவர்,
பக்கத்துக் கூடாரத்தில் ஒரு வாய் குடித்துவிட்டு
"கடல்!" என்று துப்பினாராம்.
அவளுக்கு நூற்றிருபத்தாறு, அவருக்கு நூற்று முப்பத்தொன்று.

நேற்று
இரண்டாம் குன்றுக்குப் பின்னாலேயே
வண்டியை நிறுத்திவிட்டு நடந்தேன்.
பனி முழங்கால் வரை.
கொம்போசுரேன் வாசலில் மூச்சைப் பிடித்து நின்றேன்,
கூவவில்லை.

நாய் குரைத்துவிட்டது.
உள்ளே சட்டி கவிழும் சத்தம்.